அண்ணிக்குக் கொடுத்த முன்னுரிமை

நேற்று எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்று. என் நாத்தனாரைக் கைப்பேசியில் அழைத்து, புதுமனை புகுவிழாவுக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம்.

வல்லத்திராக்கோட்டையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீடு ஒருவழியாக முடிந்துவிட்டது. எங்கள் குடும்ப வழக்கப்படி, புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டியவர் நாத்தனார். அவரை அழைத்த பிறகே வேறு எவரையும் அழைக்கலாம். என் நாத்தனார் மீனாட்சி அண்ணி அறந்தாங்கிக்காரர். இப்போது குவைத்தில் மகன் வீட்டில் இருக்கிறார்.

என் கணவர் தம் அக்காவுக்கு ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தார். அதற்கு அண்ணியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

“நீ கூப்பிட்டது சரிடா தம்பி. வீட்டுக்காரி வாயால அழைக்கட்டும். அவ அழைச்சாத்தான் நான் வருவேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லச் சொல்லு. இன்னிக்கே டிக்கெட் போடணும்ங்கிறான் மகன்.”

நியாயமான கோரிக்கை. நானும் காலையிலேயே அழைத்துவிட்டேன்.

“அண்ணி, வணக்கம். நல்லா இருக்கீங்களா?”

“ஹலோ! யாரு? சரசுவா? சத்தமே வரலியே!”

“நான்தான் அண்ணி. நம்ம புது வீட்டுக்கு…”

“கெணத்துக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்குத்தா! வெளிய வந்து பேசு!”

துண்டித்துவிட்டார்.

அவர் பேசியது எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது. பின்னால் பேரப்பிள்ளை தட்டை உருட்டிய ஓசைகூடக் கேட்டது. இதைக் கவனிக்கவும். நான் கவனிக்கவில்லை. பணிக்காலம் முழுவதும் பெண்கள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவள் நான்!

கணவருடைய கைப்பேசியை வாங்கி அதிலும் அழைத்துப் பார்த்தேன்.

“இப்ப கெணத்துக்கு மூடி வேற போட்டுட்டியா?” என்றார் அண்ணி.

இரண்டு கைப்பேசிகளிலும் ஒரே குறை. ஆகவே குறை கைப்பேசியில் இல்லை, இணைய இணைப்பில்தான். இப்படி ஓர் ஆணித்தரமான முடிவுக்கு வந்தேன்.

பக்கத்து வீட்டுப் பர்வீனிடம் சொன்னேன். அவள் கணவர் சவூதியில் இருக்கிறார். தொலைதூர அழைப்புகளில் எங்கள் தெருவுக்கே அவள்தான் நிபுணர்.

“இதுக்கா டீச்சர் கவலப்படுறீங்க? எங்க வீட்டுக்காரரு பேசுறதும் இப்படித்தான் விட்டு விட்டுக் கேக்கும். செட்டிங்ஸ்ல போயி, கால் பேசுற ஆப்புக்கு மட்டும் நெட்வொர்க் ப்ரியாரிட்டி குடுத்தேன். இப்ப அவரு கொட்டாவி விட்டாக்கூடக் கேக்குது.”

“அது நல்லதா பர்வீன்?”

“அதத்தான் டீச்சர் நானும் யோசிக்கிறேன்.”

வீட்டுக்கு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்தேன். எந்தச் செயலிக்கு இணையம் முதலில் போய்ச் சேர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாமாம். உயர், நடு, தாழ் என்று மூன்று நிலைகள். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வரிசை என்ற ஒன்று இந்த நாட்டில் கைப்பேசிக்குள்ளாவது இருக்கிறதே!

அழைப்புச் செயலிக்கு உயர். வானிலைக்குத் தாழ். நாளிதழுக்குத் தாழ். சமையல் குறிப்புக்குத் தாழ். பஞ்சாங்கத்துக்கு மட்டும் நடு, நல்ல நேரம் பார்க்க வேண்டுமல்லவா?

‘மற்ற செயலிகளின் வேகம் குறையலாம்’ என்று கைப்பேசி எச்சரித்தது. குறையட்டும். ஒருவருக்கு முதல் மரியாதை என்றால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பதுதான் முறை. இது புரியாமல்தான் கோயில் திருவிழாக்களில் மண்டை உடைகிறது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரைகுறை வேலை எனக்கு ஆகாது. வீட்டு வைஃபைக்கும் இதே போன்ற ஏற்பாடு இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதில் என் கைப்பேசிக்கு முதலிடம் கொடுத்து, தொலைக்காட்சியைக் கடைசியில் தள்ளினேன்.

கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கணவரிடமிருந்து அலறல் வந்தது.

“என்ன டீச்சர் இது! பவுலர் கையத் தூக்குனவன் தூக்குனபடியே நிக்கிறான்!”

“நிக்கட்டும்ங்க. உங்க அக்காவுக்கு வழி விட்டுருக்கேன்.”

“எங்க அக்கா என்ன கிரவுண்டு வழியாவா வருது?”

மீண்டும் அழைத்தேன். மூச்சை நன்றாக இழுத்து, வகுப்பறையின் கடைசி வரிசை வரை எட்டும் குரலில் பேசினேன்.

“அண்ணி! இப்ப கேக்குதா?”

“யாரோ போர்வைக்குள்ள முனகுற மாதிரி கேக்குது. ஒடம்பு சரியில்லையாத்தா?”

“நல்லாத்தான் இருக்கேன் அண்ணி!”

“ஐயோ பாவம், முடியலன்னா படுத்துக்க. அழைக்க மனசு இல்லாட்டிச் சொல்லிரு, அதுக்காக இப்படியா முனகுறது?”

விவகாரம் வேறு பக்கம் திரும்பிவிட்டது! அழைப்பு கேட்கவில்லை என்பது போய், எனக்கு அழைக்க மனமில்லை என்று ஆகிவிட்டது. அந்தச் சொல் குவைத்திலிருந்து அறந்தாங்கிக்குப் போய்ச் சேர எந்த முன்னுரிமையும் தேவையில்லை. அது தானே போய்விடும்.

கணவர் வாசலில் வந்து நின்றார். “அக்கா வராட்டி அந்த வீட்ல நான் கால் வைக்க மாட்டேன், பாத்துக்க. அப்புறம் இந்த வாடகை வீடுதான் நமக்குக் கடைசி வரைக்கும்.”

“வருவாங்க. டிவியப் பாருங்க.”

“அதான் பவுலர் நிக்கிறானே!”

மொட்டை மாடியில் டவர் நன்றாகக் கிடைக்கும் என்பது நினைவுக்கு வந்தது. வைஃபையை அணைத்துவிட்டு மேலே ஏறினேன். உச்சி வெயில். ஒலிபெருக்கியை இயக்கி, கைப்பேசியை உள்ளங்கையில் கிடத்தி, வாயருகே பிடித்துக்கொண்டேன். பேசும்போது நேரே பார்த்துப் பேசுவது என் பழக்கம். அண்ணி எடுத்ததுதான் தாமதம், முகமன்களையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் செய்திக்கு வந்தேன்.

“புது வீட்டுக்கு நீங்கதான் வந்து பால் காய்ச்சணும்! நீங்க வராம அங்க அடுப்பு பத்தாது! மனசுல எதையும் வச்சுக்காதீங்க! கட்டாயம் வந்துரணும்!”

சொல்லி முடித்த பிறகுதான், நேரே இருந்தது என்னவென்று பார்த்தேன்.

எதிர்வீட்டு மாடி. அதில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த கோமதியம்மாள் முறத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சாக்கடைத் தண்ணீர் வாசலில் தேங்குவது தொடர்பாக எங்களுக்குள் சில மாதங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை.

“என்னையவா டீச்சர்?”

நான் கைப்பேசியை அவசரமாகக் கீழே இறக்கினேன்.

“என்னையவா பால் காய்ச்சக் கூப்பிடுறீங்க?” அவர் முறத்தைக் கீழே வைத்தார். “இத்தன வருசத்துல என்னைய யாரும் இப்படிக் கூப்பிட்டதில்ல. சாக்கட விசயத்துல நான்தான் கூடுதலாப் பேசிட்டேன். நீங்க பெரிய மனுசி டீச்சர்!” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் தொட்ட கை வேறு. கண்ணீர் இரட்டிப்பானது.

அழுகிறவரிடம், அம்மா, நான் உங்களை அழைக்கவில்லை என்று சொல்வது எப்படி? எந்தப் பாடத்திட்டத்திலும் இது இல்லை.

உள்ளங்கையிலிருந்து அண்ணியின் குரல் கணீரென்று வந்தது. “ஹலோ… ஹலோ… இவ பேசவே மாட்டேங்குறா!”

தெரு முழுவதும் கேட்ட என் அழைப்பு, கேட்க வேண்டியவருக்கு மட்டும் கேட்கவில்லை.

கீழே இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தேன். வியர்வை பட்ட கைப்பேசியை முந்தானையால் துடைத்தேன். அதன் கீழ் விளிம்பிலிருந்து மஞ்சளாக ஏதோ உதிர்ந்து மடியில் விழுந்தது. முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம்.

முந்தாநாள் ஆயுத பூஜையன்று வீட்டிலிருந்த அத்தனை கருவிகளுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். கைப்பேசியின் முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் உறை. கீழ் விளிம்பில் மட்டும், பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல் சிறு துளை ஒன்று இருந்தது. குழைத்த சந்தனத்தை அதில் அழுத்தி, சீராக வைத்திருந்தேன். நாம் பேசுவது உள்ளே போகிற வழி அதுதான்! பாரபட்சம் பார்க்காமல் கணவருடைய கைப்பேசிக்கும் அப்படியே வைத்திருந்தேன்.

அவர்கள் குரல் எனக்குக் கேட்கிறது, என் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் கோளாறு எங்கே? என் மாணவி ஒருத்தி இதற்கு ‘இணைய முன்னுரிமை’ என்று விடை எழுதியிருந்தால், தாளில் சிவப்பு மையால் ஒரு கட்டுரையே எழுதியிருப்பேன்.

ஊக்கால் மெல்லச் சுரண்டி, ஊதிவிட்டு, அழைத்தேன்.

“அண்ணி, வணக்கம்.”

“ஆத்தாடி! பக்கத்துல நின்னு பேசுற மாதிரியில்ல இருக்கு! சொல்லு சரசு.”

சொன்னேன். முறைப்படி, முழு வாக்கியமாக, ஒரு சொல்லும் சிந்தாமல் அழைத்தேன். அண்ணி குளிர்ந்துபோனார். “இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துருந்தேன். டேய், டிக்கெட்டப் போடுறா!” என்று மகனுக்குக் குரல் கொடுத்தார். பிறகு கேட்டார்:

“எனக்கு முன்னாடி யாரையும் அழைக்கலியே?”

அந்த நேரம் பார்த்து வாசலில் கோமதியம்மாளின் குரல்.

“டீச்சர்! அன்னிக்குப் பாலு எங்க மாட்டுப் பாலுதான்! கறந்ததும் நானே கொண்டாந்து, நானே காய்ச்சிர்றேன்!”

“யாரு அது?” என்றார் அண்ணி. அத்தனை தெளிவு!

பொய் சொல்லிப் பழக்கமில்லை. சந்தனத்தில் தொடங்கி மிளகாய் வரை நடந்ததை அப்படியே சொன்னேன். குவைத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம், அதைத் தொடர்ந்து இருமல்.

“சரி, அழுத பொம்பளைய வர வேணாம்னு சொல்லாத. ரெண்டு அடுப்பு போடு. ஆனா என் பாலுதான் மொதல்ல பொங்கணும், சொல்லிப்புட்டேன்.”

கோமதியம்மாளிடம் இரண்டு அடுப்பு விவரத்தைப் பக்குவமாகச் சொன்னேன். “அதுக்கென்ன டீச்சர், ஜோரா வைங்க. ஆனா எங்க மாட்டுப் பாலு சட்டுன்னு பொங்கிரும்” என்றார்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. பால் பொங்குவதற்கு முன்னுரிமை அமைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்.