கொட்டகைக்குப் போன ஊஞ்சல்

பூசணத்தை எதிர்த்துப் போர் தொடுத்து, அந்தப் போரில் தன் வீட்டையே பறிகொடுத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் வலியசாலையில் என் வீட்டுக்கு நேர் எதிரில் குடியிருந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். தெருவுக்கு அவர் பூசணம் மாமா. தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீடு விசாரிப்பார்.

திருவனந்தபுரத்தில் மகாராஜா ஆண்டுகொண்டிருந்த காலம் அது. நான் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. மாமா உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கொல்லையில் தோட்டம் போட்டார். தோட்டத்துக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் மாம்பலகையில் தட்டுகள். சேனை விதை, இஞ்சி விதை, பூவாளி, மண்வெட்டி எல்லாம் அந்தத் தட்டுகளில்தான். வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் போய்ப் பார்த்தால், பலகை முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கிறது.

எங்கள் ஊரில் மழைக்காலத்தில் எதுதான் பூக்காது? செருப்பு பூக்கும், குடைப்பிடி பூக்கும், கச்சேரிக்குப் போட்டுப் போகிற கோட்டு பூக்கும். மற்றவர்கள் துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மாமாவோ இழவு விழுந்த முகத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டேய், கொட்டகையிலே தீட்டு பட்டிருக்குடா!"

"தீட்டாவது மாமா! மழையாக்கும் காரணம்."

"மிண்டாதே, வாயை மூடு! ஊறுகாய்ப் பரணியை மடியில்லாத கை தொட்டா பூக்கறதோ இல்லையோ? பலகைக்கும் அதே நியாயந்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் மாவடுவின் சட்டத்தை மாம்பலகைக்கும் செல்லும் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்! அன்றிலிருந்து கொட்டகை மடியாகிவிட்டது. வேறு யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. அவர் மட்டும் விடியற்காலையில் கிள்ளியாற்றில் முங்கிக் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட ஈர வேஷ்டியோடு, யார் மேலும் படாமல் நேரே கொட்டகைக்குப் போவார். ஒவ்வொரு பலகையாகத் தொட்டுத் தடவி, மார்போடு அணைத்து மோந்து பார்ப்பார். இப்படி ஓர் ஆசாரசீலரா என்று தெருவே மூக்கின் மேல் விரலை வைத்தது. நானும்தான் வைத்தேன்.

பூசணம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. மாமா பலகைக்கு உப்பும் மஞ்சள்பொடியும் தேய்த்தார். நல்லெண்ணெயில் பெருங்காயம் கலந்து தடவினார். தாளித்துக் கொட்டாததுதான் பாக்கி என்று நினைத்தேன். மறுநாள் கொல்லைப்பக்கம் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டு ஓடினால், அதுவும் நடந்துகொண்டிருந்தது! தெருவிலுள்ள எறும்புகளெல்லாம் விருந்துக்கு வந்தன. பூசணமும் பந்தியில் உட்கார்ந்து நன்றாகக் கொழுத்தது.

"மாம்பலகை பச்சை மரம்டா. ஆசாரமான வீட்டிலே பழகின மரம் வேணும்" என்றார் மாமா.

அதற்கு அர்த்தம் பிறகுதான் புரிந்தது. முதலில் சாப்பாட்டு மணைகள் கொட்டகைக்குப் போய்த் தட்டுகளாயின. அவையும் பூத்தன. அடுத்து சாமான் அறையின் கதவு போயிற்று. பூனைகள் தங்கு தடையில்லாமல் வந்து பாலைக் குடித்தன. "இனி என்னையும் ஆணியடிச்சு அங்கே வெச்சுடுவர் போலிருக்கு" என்று மாமி வாய்விட்டு அழுதாள்.

மாமியின் அழுகையில் அர்த்தம் இருந்தது. மகள் அம்புஜத்துக்கு வந்த வரன்கள் எல்லாம் அப்பாவின் புகழைக் கேட்டே ஓடியிருந்தன. இப்போது கரமனையிலிருந்து பள்ளிக்கூட வாத்தியாரான ஒரு பிள்ளையின் வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இதுவும் தவறினால் அம்புஜத்துக்குக் கல்யாணமே இல்லை என்று தெரு முடிவு கட்டியிருந்தது. "மாமா வாயைத் திறக்காமெ நீதான் பாத்துக்கணும்" என்று மாமி என்னிடம் கெஞ்சினாள்.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாள் மாலை கொட்டுகிற மழையில், இரவல் மணைகளைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கூடத்தில் நாலு சங்கிலி தொங்குகிறது. ஊஞ்சலைக் காணோம்! நான் வாயை மூடுவதற்குள் கரமனைக்காரர்கள் வந்துவிட்டார்கள். பிள்ளையின் அப்பாவுக்கு யானைச் சரீரம், முழங்கால் வேறு மடங்காது. மணையைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"என்னால் கீழே உக்கார முடியாது. ஊஞ்சல் எங்கே ஓய்?"

நான் பாய்ந்து வாயைப் பொத்துவதற்குள் மாமா சொல்லிவிட்டார். "கொட்டகையிலே இருக்கு. வாங்கோ, காட்டறேன்!"

ஆளுக்கொரு குடையோடு ஊர்வலம் கொல்லைக்குப் போயிற்று. அங்கே தேக்கு ஊஞ்சல், பித்தளைக் குமிழோடு, மேல்தட்டாகக் கொலுவிருந்தது. அதன் மேல் சேனைக்கிழங்கு. மாமா பெருமையோடு கிழங்கை நகர்த்தினார். பலகையில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம்!

"தேக்குமா!" என்று அலறிக்கொண்டே மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளையின் அம்மா திரும்பி நடந்தாள். "கதவைக் காணோம், மணையைக் காணோம், ஊஞ்சல் பூத்திருக்கு. இந்தாத்துப் பொண்ணு நமக்கு வேண்டாம்."

மாமி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். போயிற்று, அம்புஜத்தின் வாழ்வு போயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த மகா அதிர்ச்சி. பெண் பார்க்கும் நாளில், பிள்ளை வீட்டார் முன்னால், கல்யாணப்பெண் வாயைத் திறந்து பேசினாள்!

"அப்பா, நீங்க நித்யம் ஆத்திலேர்ந்து சொட்டச் சொட்ட வந்து பலகையைக் கட்டிண்டு நிக்கறேள். அந்த ஈரத்துக்குப் பூக்காமெ என்ன செய்யும்?"

பிள்ளையின் அம்மா நின்று திரும்பினாள். "ஏன்டி, தெரிஞ்சிருந்தும் இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"என்கிட்டே யாரும் கேக்கலையே மாமி."

பிள்ளையின் அப்பாவின் தொந்தி குலுங்கத் தொடங்கியது. அதுவரை குடைக்குள் ஒளிந்திருந்த வாத்தியார் பிள்ளையும் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, எனக்குச் சம்மதமாக்கும். நம்மாத்துப் புஸ்தக அலமாரியும் பூத்துண்டுதான் இருக்கு. காரணம் சொல்ல ஒரு ஆள் வேணும்."

கல்யாணத்துக்கு அந்த ஊஞ்சலையே தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்தி மாட்டினார்கள். தம்பதிகள் அதில் ஆடினபோது மாமா பெண்ணைப் பார்த்தாரா, பலகையைப் பார்த்தாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு அவர் பெண்ணின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்தார். உலர்ந்த வேஷ்டி மாற்றிக்கொண்டுதான் கொட்டகைக்குப் போவார். அடுத்த மழைக்காலத்தில் பலகைகள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. கரமனை ஒன்றும் காசி அல்ல, கூப்பிடு தூரந்தான். ஆனாலும் வீட்டில் அம்புஜத்தின் குரல் இல்லாமல் மாமா சாப்பாட்டில்கூட நாட்டமின்றி இளைத்துப்போனார். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், ஒரு நாள் கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு அவர் கொல்லைப்பக்கம் போனேன். கொட்டகைக்குள் மாமா நிற்கிறார். இடுப்பில் சொட்டச் சொட்ட ஈர வேஷ்டி. இரண்டு கையாலும் மேல்தட்டுப் பலகையை இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார்!

"மாமா! மறுபடியுமா?"

"மெல்லப் பேசுடா" என்றார். "வெள்ளிக்கிழமை அம்புஜம் வரா. வந்தா என்னை நாலு வார்த்தை வைய அவளுக்கு ஏதாவது வேண்டாமோ?"

பலகையில் ஏறின ஈரம் போதாதென்று கொட்டகை வாசலுக்கு வந்து இன்னொரு தடவை மழையில் நனைந்தார். அவருக்கு நீட்டின குடையை நான் மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நன்றாக நனையட்டும், பாவம்.