ஆறு அங்குலப் படி

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு இருபதுக்கு, கீழ்த்தளக் குளியலறையில் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது.

அது போக வேண்டிய இடம் அதுவல்ல. குளியலறையின் எதிர்மூலையில், புதிதாகப் பதித்த சல்லடை மூடிக்குக் கீழே, அதற்கென்று ஒரு குழாய் காத்திருந்தது. தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு பழைய துணி எடுத்துட்டு வா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பழைய துணியெல்லாம் கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் என்பது தெரு வைத்த பெயர். அவர் போலீஸ் அல்ல. ரசமட்டம் தயாரிக்கும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தேழு வருடமாக இருப்பவர். தளம் மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கும், கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குமிழி ஓடும் அந்தக் கருவி, நாளொன்றுக்கு இருநூறு அவர் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றையும் ஒரு முறை நேராக வைப்பார், ஒரு முறை திருப்பி வைப்பார். இரண்டு முறையும் குமிழி நடுவில் நின்றால் பாஸ். இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பெட்டி.

வீட்டு வேலையை எடுத்த காண்ட்ராக்டர் முதல் நாள் இது தெரியாமல் அவருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். எட்டு மணி என்றால் ஏழே முக்காலுக்கு வந்து நின்றார். மூன்றாம் நாள் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பதினொன்றரைக்கு வந்தார், அல்லது வரவில்லை. எப்போது கேட்டாலும் "நாளைக்கு முடிஞ்சிடும் சார்" என்பார். மனைவி அவருக்கு 'நாளைக்கு' என்றே பெயர் வைத்துவிட்டாள். "நாளைக்கு இன்னைக்கு வருவாரா?" என்று கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைக் கவலையோடு பார்ப்பார்கள்.

வேலை பெரிதல்ல. குளியலறை வாசலில் ஆறு அங்குலத்துக்கு ஒரு படி இருந்தது. அதை எடுத்துவிட்டுப் படுக்கையறையையும் குளியலறையையும் ஒரே மட்டமாக்க வேண்டும், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டரின் அக்காவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இருபத்தெட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் இருந்து விடுகிறார்கள். அக்கா தனி ஆள், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். தம்பி வீட்டுக்கு வர அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "ஒரு படி இருந்தாலும் எனக்கு ஆகாது. இருந்தா இப்பவே சொல்லிடு. நான் ஹோமுக்கே போயிடறேன்."

அந்த முதியோர் ஹோமை இன்ஸ்பெக்டர் ஒரு முறை போய்ப் பார்த்திருந்தார். ஒரு அறையில் நான்கு கட்டில், சுவர் ஓரமாக ஒரே ஒரு ஜன்னல், அதுவும் வேறு யாருடைய கட்டிலுக்கோ மேலே. ஏழரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். அக்கா பன்னிரண்டு மணி வரை படிக்கிறவர். "படி இருக்காது, என்னை நம்பு" என்று அக்காவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

எட்டாம் தேதி சனிக்கிழமையே டைல்ஸ் போட்டாகிவிட்டது. கொத்தனார் வாய் திறக்காத மனிதர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்துக்கு நிற்கும் நீளமான பிளாஸ்டிக் ட்யூப் ஒன்றைத் தோளில் சுற்றிக்கொண்டு வருவார். அதை வைத்துத்தான் மட்டம் பார்த்தார். மாலையில் இன்ஸ்பெக்டர் அலமாரியைத் திறந்து தன் ரசமட்டத்தை எடுத்தார்.

அது சாதாரண ரசமட்டம் அல்ல. இருபத்தைந்து வருடச் சேவைக்காக விழா எடுத்து, முதலாளி தன் கையால் கொடுத்தது. நீல வெல்வெட் பெட்டி. மேல்பக்கம் பித்தளைத் தகடு, அதில் அவர் பெயர். பெயர் நேராகத் தெரியும்படி அதைத் தரையில் வைத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"சரிவு ஜாஸ்தி" என்றார். "எங்க அக்கா வழுக்கி விழுந்துடுவாங்க."

"ட்யூப் வெச்சுப் பார்த்துத்தான் போட்டேன் சார்" என்றார் கொத்தனார். அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"ட்யூப்புக்கு யாருய்யா சர்டிபிகேட் குடுத்தா?"

கொத்தனார் மறுநாள் மூலைப் பக்கத்து டைல்ஸைப் பெயர்த்து, ஒன்றரை அங்குலம் உயர்த்திப் போட்டார். ரசமட்டம் திருப்தியானது. காய்வதற்கு இரண்டு நாள் விட்டு, பதினொன்றாம் தேதி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள்.

கட்டிலுக்கு அடியைத் துடைத்து முடித்தபின் இன்ஸ்பெக்டர் மறுபடியும் ரசமட்டத்தை வைத்தார். குமிழி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. சரிவு மூலையை நோக்கித்தான் என்று அது சத்தியம் செய்தது.

"தரை சரியாத்தான் இருக்கு" என்றார். "தண்ணிதான் தப்பா போகுது."

"அப்ப தண்ணியைக் கூப்பிட்டுக் கண்டிங்க" என்றாள் மனைவி.

காண்ட்ராக்டர் இரண்டு நாள் கழித்து வந்தார். ஈரம் காயாத பாயை ஒரு பார்வை, தரையை ஒரு பார்வை பார்த்தார். "புது டைல்ஸ் இல்லையா சார், போகப் போகப் பழகிடும்" என்றார். தண்ணீர் பழகும்வரை அக்கா காத்திருக்க மாட்டார் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும், வாசலில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தடுப்புக் கட்டிவிடலாம் என்றார்.

"அது படி இல்லையா?"

"படின்னா ஏறணும் சார். இதைத் தாண்டினாப் போதும்."

இன்ஸ்பெக்டருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு அங்குலம்தானே, பிறகு ஒரு மரச் சாய்வு வைத்துக்கொள்ளலாம் என்று சம்மதித்தார். தடுப்பு வந்தது. தண்ணீர் வழக்கம்போல வாசலுக்கு வந்து, தடுப்பைக் கண்டு, அங்கேயே தங்கிவிட்டது. கணுக்கால் நனையும் அளவுக்கு ஒரு குட்டை.

குட்டையைத் தூர்க்க வாசல் பக்கத்தைத் தடுப்பின் உயரத்துக்கு ஏற்றினார்கள். ரசமட்டம் வைத்தால் மூலைப் பக்கம் சரிவு பயங்கரமாக இருப்பதாகச் சொன்னது. ஆகவே மூலைப் பக்கத்தையும் ஏற்றினார்கள். தண்ணீர் திரும்பவும் வாசலுக்கு வந்தது. ஆகவே வாசலை ஏற்றினார்கள். காண்ட்ராக்டர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. "ஏத்தறதுதானே சார், இறக்கறதுதான் கஷ்டம்" என்றார்.

ஏற்றிய தரையில் போட்ட டைல்ஸ் வேறு கடையில் வாங்கியது. பாதித் தரை பால் நிறம், பாதி பல் நிறம். கேட்டதற்கு, ஈரம் வற்றினால் ஒன்றாகிவிடும் என்றார் காண்ட்ராக்டர். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வந்தது, பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. அது நாளைக்குச் சரியாகிவிடும்.

தரை ஏறியதில் கதவு இடித்தது. கதவின் அடியில் இரண்டு அங்குலம் அறுக்கச் சொல்லி ஒரு தச்சரை அனுப்பினார் காண்ட்ராக்டர். தச்சர் கதவைக் கழற்றி, கவனமாக அளந்து, மேல்பக்கத்தில் அறுத்துவிட்டுப் போனார். இப்போது கதவு கீழே இடித்தது, மேலே காற்று வந்தது. அடியிலும் அறுக்கலாம் என்றார் காண்ட்ராக்டர். அப்படி அறுத்தால் உள்ளே இருப்பவரின் தலையும் காலும் தெரியும், நடுவில் மட்டும்தான் மானம் மிஞ்சும் என்றாள் மனைவி. எனவே கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றினார்கள். அது கட்டிலில் மோதியது. கட்டிலை நகர்த்தினார்கள். கட்டில் ஸ்விட்ச் போர்டை மறைத்தது. அதிலிருந்து படுக்கையறை விளக்கைப் போட ஒருவர் கட்டிலின் மீது குப்புறப் படுக்க வேண்டியிருந்தது.

தரை உயர உயரக் கழிப்பறைப் பீங்கான் கீழே போய்க்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் உயரமான இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்து பார்த்த இன்ஸ்பெக்டரால் ஆள் துணையில்லாமல் எழுந்திருக்க முடியவில்லை. அதையும் பெயர்த்து மேலே வைத்தார்கள்.

இதற்கிடையில் தொழிற்சாலையில் எடுத்த இரண்டு நாள் விடுப்பு ஆறு நாளாயிற்று. இன்ஸ்பெக்டர் சாந்துத் தூசியில் இருமினார். மனைவி மாடிக் குளியலறையின் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அதையும் யாராவது சரி செய்துவிடுவார்களோ என்று பயமாம்.

கொத்தனார் இன்னொரு முறை வாய் திறந்தார். "ட்யூப் வேற மாதிரி சொல்லுது சார்."

"அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சோர்ந்திருந்தார். "இருபத்தேழு வருஷமா நான் இதைத்தான் பார்த்துட்டிருக்கேன். உங்க வேலை சரியில்ல. நான் அளவு சரியா சொல்றேன், நீங்க போடறது தப்பா வருது."

கொத்தனார் ட்யூபைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். அதன்பின் சொன்னதைச் செய்தார்.

இருபத்தாறாம் தேதி ஊற்றிய தண்ணீர் வாசலுக்கும் வரவில்லை, மூலைக்கும் போகவில்லை. நடுவில் நின்றது.

"பார்த்தீங்களா சார், ஒரு சமாதானத்துக்கு வந்துடுச்சு" என்றார் காண்ட்ராக்டர்.

அன்று குளியலறைத் தரை படுக்கையறைத் தரையைவிட ஒன்பது அங்குலம் உயரத்தில் இருந்தது. அதை யாரும் முன்பே அளக்கவில்லை. மறுநாள் இன்ஸ்பெக்டர் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், கேட்காமலே, வாசலில் அழகாக இரண்டு படி கட்டி வைத்திருந்தார் காண்ட்ராக்டர். விளிம்பில் வழுக்காத சொரசொரப்புக் கல். மொத்த வேலையிலும் ஒழுங்காக அமைந்தது அது ஒன்றுதான்.

"பெரியவங்க ஏறணுமே சார், அதான் வெச்சேன்" என்றார். "இது நம்ம அன்பளிப்பு."

இன்ஸ்பெக்டர் படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து அந்தப் படிகளைப் பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில் ரசமட்டத்தை எடுத்து, பெயர் தன் பக்கம் இருக்கும்படி முதல் படியின் மேல் வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்குப் போய் நின்றது. படிகூடக் கோணல்தான் என்று அவருக்குத் தோன்றியது. இனி இடிக்க நாள் இல்லை. ரசமட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனார்.

இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரைக்கு அக்கா வந்தார். ஊன்றுகோலைப் பிடித்தபடி, மனைவியின் தோளில் ஒரு கை வைத்து, படுக்கையறை வரை மெதுவாக நடந்து வந்தார். குளியலறை வாசலைப் பார்த்தார். பால் நிறத்தையும் பல் நிறத்தையும் பார்த்தார். மேலே திறந்திருந்த கதவைப் பார்த்தார். கடைசியாகப் படிகளைப் பார்த்தார்.

"ஒண்ணைக் கழிக்கச் சொன்னேன்" என்றார். "நீ ஒண்ணைக் கூட்டியிருக்கே."

"காண்ட்ராக்டர் சரியில்லக்கா. கொத்தனாரும்..."

"சரிடா. நீ நல்லவன்தான். உனக்கு ஆள் அமையல." அக்கா குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த வண்டி போயிடுச்சா பாரு. போகலேன்னா நிக்கச் சொல்லு."

வண்டி போகவில்லை. டிரைவர் தெருமுனையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். ஆறு பத்துக்கு அக்கா ஹோமுக்குக் கிளம்பினார். போகும்போது, தனக்காகக் கட்டில் மேல் எடுத்து வைத்திருந்த இரண்டு புத்தகத்தில் சின்னதை மட்டும் எடுத்துக்கொண்டார். ஏழரைக்குள் பெரியதைப் படிக்க முடியாது என்றார்.

ஏழு மணிக்கு, தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர் கையில் ஒரு வாக்கரோடு வந்தார். தன் அப்பா பயன்படுத்தியது, அக்காவுக்கு உதவும் என்று நான்கு நாளாகத் துடைத்து வைத்திருந்ததாகச் சொன்னார். இனி தேவைப்படாது என்று மனைவி சொன்னாள். நடந்ததையும் சொன்னாள். காண்ட்ராக்டரைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல ஸ்டோர் கீப்பர் உச்சுக்கொட்டினார். இன்ஸ்பெக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

வாக்கரைச் சாய்த்து வைக்க இடம் தேடிய ஸ்டோர் கீப்பர், படியில் கிடந்த ரசமட்டத்தைப் பார்த்தார்.

"அட, இதை வெச்சா சார் மட்டம் பார்த்தீங்க?"

"வேற எதை வெச்சுப் பார்க்கறது?"

ஸ்டோர் கீப்பர் குனிந்தார். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் கையில் ஊறிய பழக்கம் அது. குமிழியைப் பார்த்தார், ரசமட்டத்தை எடுத்து அதே இடத்தில் திருப்பி வைத்தார். பித்தளைத் தகட்டில் பெயர் தலைகீழானது. படியின் ஒரு பக்கம் நின்றிருந்த குமிழி, இப்போது மறுபக்கம் போய் நின்றது.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார்.

"விழாவுக்குக் குடுக்கறதை எல்லாம் உங்க சிவப்புப் பெட்டியில இருந்துதானே சார் எடுப்போம்" என்றார் ஸ்டோர் கீப்பர். "நல்ல பீஸை யாராவது சும்மா குடுப்பாங்களா?"