ஒட்டும் தூரம் இருநூறு அடி

கால்வாயைத் தாண்டிக் குழாய் போட்டவர்கள் உலகில் ஆயிரம் பேர் இருப்பார்கள். கடப்பாரையைத் தொடாமல், ஏ.சி. அறையில் உட்கார்ந்தபடியே போட்ட பெருமை எங்கள் உத்திரமேரூர் 'குடிநீர் வரைபடப் பிரிவு' ஒன்றுக்குத்தான் உண்டு.

2005-ஆம் ஆண்டு. தலைமை, பொறியாளர் பஞ்சாட்சரம். நான் கணினி இயக்குபவன். சுற்றுவட்டாரக் குடிநீர்க் குழாய்களை எல்லாம் ஜி.ஐ.எஸ். என்னும் கணினி வரைபடத்தில் ஏற்றுவது எங்கள் 'திருப்பணி'. வரைவதற்கு முன் வரையும் கருவிகளைச் சரியாக அமைத்தாக வேண்டும். அதற்கு மூன்று மாதம், பதினோரு கூட்டம். குழாய்க்கு எந்த நீலம் என்று தீர்மானிக்கவே நான்கு கூட்டம் ஆயிற்று. ஆகாய நீலம் வென்றது. "எந்த நிறமா இருந்தா என்ன சார், தண்ணி வந்தா சரி" என்று சொன்ன ஊழியர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

சோதனை நாளன்று திரையில் ஒரு கோடு மட்டும் சிவப்பாகவே நின்றது.

"இன்னாய்யா செவப்பு?" என்றார் பஞ்சாட்சரம்.

"பனந்தோப்பு லைன் சார். கான்ட்ராக்டர் கால்வாய் வரைக்கும் போட்டுட்டு நிறுத்திட்டாரு. தொட்டிக்கு இன்னும் இருநூறு அடி இருக்கு. நடுவுல குழாயே இல்ல."

"ஒட்டும் தூரம் எவ்ளோ வச்சிருக்க?"

கை நடுங்கிக் கோடு கொஞ்சம் தள்ளி நின்றால், கணினியே இழுத்து ஒட்டவைக்கும் வசதி அது.

"மூணு அடி சார்."

"இருநூறா வை."

வைத்தேன். குழாய் ஒரே தாவலில் கால்வாயைத் தாண்டித் தொட்டியில் போய் ஒட்டிக்கொண்டது. சிவப்பு நீலமாயிற்று. இரண்டு வருடமாக நடக்காத வேலை ஒரு நொடியில் முடிந்ததென்று எல்லோரும் கைதட்டினார்கள். போண்டா வந்தது.

அடுத்த வாரம் பனந்தோப்பிலிருந்து அம்முலு மனுவோடு வந்தாள். கூடவே தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் இருசப்பன். பஞ்சாட்சரம் பெருந்தன்மையோடு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பாரும்மா, உங்க ஊரு. எப்படி நீலமா கீது பாரு!"

"நல்லாத்தான் கீது சார். தண்ணி எப்ப வரும்?"

"வந்துக்கினுதான் கீது. படத்துலயே தெரியுதே."

"சார், அங்க குயாயே சேரல," என்றான் இருசப்பன். "நான் வால்வு தொறந்தா தண்ணி எப்டி போவும்?"

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லுதா, நீ தப்பா சொல்றியா?"

இருசப்பன் தன் வேலையை நினைத்துப் பார்த்தான்.

"நான்தான் சார்."

'இணைப்பு ஏற்கெனவே உள்ளது' என்று எழுதி மனுவை முடித்துவைத்தோம்.

அந்த மாதமே அம்முலுவின் மருமகள் பவளம், ஏழு மாத வயிற்றோடு தண்ணீர் எடுக்கப் போனவள், வயல் கிணற்றுப் படியில் குடத்தோடு சரிந்து விழுந்தாள். அவள் பிழைத்தாள். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை.

அதன் பிறகு பனந்தோப்பார் யாரிடமும் மனு கொடுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்தார்கள். மூன்றே நாளில் கால்வாய்க்கு அடியில் பள்ளம் தோண்டி, தாங்களே குழாய் வாங்கிப் போட்டுத் தொட்டியோடு சேர்த்தார்கள். இருசப்பன் வால்வைத் திறந்தான். தெருக்குழாயில் தண்ணீர் கொட்டியது.

செய்தி கேட்டுப் பஞ்சாட்சரம் கொதித்தார்.

"நம்ம படத்துல ஒரு கனெக்ஷன் ஏற்கெனவே இருக்கு. அப்போ இது ரெண்டாவது. ரெண்டாவதுன்னா திருட்டு. வெட்டுங்க!"

சட்டம் என்று வந்துவிட்டால் எங்கள் பிரிவு மின்னல் வேகம். மறுநாள் காலையிலேயே நோட்டீசும் கையுமாக நான் போய் நின்றேன். கூட வந்த ஆள் ரம்பத்தால் குழாயை அறுத்தான். கால்வாய்க்கரை முழுக்கத் தண்ணீர் பீறிட்டது. இருசப்பன் போய் வால்வை மூடினான்.

அம்முலு வீட்டுக்குள் போய் ஒரு சொம்போடு வந்தாள்.

"நைனா, இத வெட்டிட்ட. செரி. உங்க படத்துல கீற குயாயிலேர்ந்து எம்மருமவளுக்கு ஒரு சொம்பு புடிச்சிக் குடுத்துட்டுப் போ."

சொம்பு என் முகத்துக்கு நேராக நீண்டிருந்தது. நான் பேனாவைத் திறந்து நோட்டீசின் பின்பக்கத்தில், எங்கள் பிரிவுக்கே உரிய துல்லியத்தோடு, எழுதினேன்:

'பயனாளி ஒத்துழைக்க மறுத்தார்.'