ஆறு போல்ட்டும் ஒரு மேனேஜர் நாற்காலியும்

ஸ்பேனர் மூன்றாவது முறையாக வழுக்கியதில் தண்டாயுதபாணியின் விரல் எஞ்சினில் இடித்துத் தோல் உரிந்தது. போல்ட் அசையவில்லை.

"ரத்தம் வருதுங்க," என்றாள் வாசலில் நின்ற மனைவி ஜெயபாரதி.

"அது வருது. போல்ட்டுதான் வரமாட்டீங்குது."

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் அவர். முதலாளி தரணீதரன் இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் பேசிய பேச்சை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவர் முந்தின நாள் சனிக்கிழமை, தண்டாயுதபாணியின் பழைய மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். செல்போனில் படம்கூட எடுத்துக்கொண்டார்.

"பாணி, திங்கக்கெழம ஒரு நாளைக்கு உங்க வண்டி நமக்கு வேணுமுங்க."

இரண்டு கார் வைத்திருப்பவருக்கு இந்த வண்டி எதற்கு என்று தண்டாயுதபாணி யோசிக்கவில்லை. கம்பெனியில் மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. அதை மட்டும் யோசித்தார்.

வண்டியில் எஞ்சின் மூடியோரம் ஆயில் கசிந்தது. முதலாளியின் வெள்ளைப் பேண்ட்டில் பட்டால் நாற்காலி போச்சு. மூடியைத் திறக்க ஆறு போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஆறும் துருவேறி, கழலும் பழக்கத்தையே மறந்திருந்தன.

"மெக்கானிக் முருகவேலண்ணங்கிட்ட உட்டுருங்க. உடுமலையில எங்கண்ணன் ஊட்டுக் கெடா விருந்துக்குப் போகோணும்."

"ஆறு போல்ட்டுக்கு மெக்கானிக்கா? ஒரு நாளைக்கு மூவாயிரம் பீஸ் பாத்து உடறவன் நானு!"

பனியனில் பிசிறு பார்ப்பதற்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று ஜெயபாரதி கேட்கவில்லை. கல்யாணமாகி இருபது வருடம் ஆகியிருந்தது.

எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள் என்றார் யூடியூபில் ஒருவர். தண்டாயுதபாணி தையல் மெஷின் எண்ணெயை விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தார். அவரளவில் அது தவம். பிறகு திருகியதில் போல்ட்டின் மூலைகள் மழுங்கித் தலை உருண்டையானது. பைப் ரெஞ்சால் அதைக் கவ்வி, பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, முழு பலத்தோடு அமுக்கினார். 'டக்' என்றது.

"வந்துருச்சு பாரு!"

ஜெயபாரதி குனிந்து பார்த்தாள். "தல மட்டுந்தானுங்க வந்திருக்குது. ஒடம்பு உள்ளயே இருக்குதுங்களே?"

சூடு காட்டினால் இளகும் என்றார் யூடியூபில் இன்னொருவர். பெட்ரோல் டேங்கை முதலில் கழற்றி வைக்கச் சொன்னது ஜெயபாரதி. அன்று அந்த வீட்டில் தோன்றிய ஒரே நல்ல யோசனை அதுதான். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இரவல் வாங்கிய தீ கக்கும் கேஸ் குழல் போல்ட்டை இளக்கவில்லை. சீட்டின் ஓரத்தையும் இரண்டு ஒயரையும் இளக்கியது.

ஜெயபாரதி பட்டுச்சேலை கட்டித் தனியாகப் பஸ் ஏறினாள். "உங்க பங்குக் கறியும் எங்கண்ணனே திங்கட்டுமுங்க."

அவள் போனபின் அறிவுரை சொல்ல ஆளில்லை. டிரில் மெஷின் வந்தது. முறிந்த போல்ட்டுக்குள் டிரில்லின் முனையும் முறிந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் வண்டி குட்டியானை வேனில் ஏறி முருகவேலிடம் போய் இறங்கியது.

முருகவேல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அய்யய்யோ, எதுலீங்க மோதுனீங்க?"

"மோதலீங்க. நாந்தான் ரிப்பேர் பண்ணுனேன்."

முருகவேல் சட்டைக் கையை மடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காமல் வேலையில் இறங்கினார். இருட்டுவதற்குள் ஆறு புது போல்ட், புது சீட், புது ஒயர். இவ்வளவு ஆனபின் மிச்சம் எதற்கென்று, எஞ்சினுக்கு வெள்ளிப் பெயின்ட், சைலன்சருக்குப் பாலிஷ், டேங்குக்கு மினுமினுக்கும் கறுப்பு என்று எல்லாம் செய்யச் சொன்னார் தண்டாயுதபாணி. வண்டியில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் ஒரே கூட்டம். கேமராக்காரர்கள், குடை விளக்குகள், ஊருக்குப் புதிதாக இரண்டு இளைஞர்கள். தனக்கு இவ்வளவு வரவேற்பைத் தண்டாயுதபாணி எதிர்பார்க்கவில்லை. கம்பீரமாக வந்து முதலாளி முன்னால் பிரேக் போட்டார்.

தரணீதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பூரிப்பு என்று எடுத்துக்கொண்டார் தண்டாயுதபாணி.

டிசைன் செக்‌ஷன் இந்துமதி ஓடி வந்தாள்.

"ஏனுங்கண்ணா, புது மாடல் பனியன் போட்டோவுல பின்னால நிறுத்தறதுக்கு, ஊரெல்லாம் தேடி உங்க வண்டியிலதானுங்க நல்ல துருவாக் கெடச்சுது, அத எங்கீங்க காணோம்?"