ஐந்தாவது பாட்டு கொஞ்சம் நீளம்

“எல்லாப் பாட்டும் நல்லா இருக்குன்னு சொன்னீங்களாமே. ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?”

மகள் போனில் இப்படிக் கேட்டதும் டைல்ஸ்காரர், கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டின் இரண்டாவது குளியலறை நடுவில் கரணையும் கையுமாக நின்றுவிட்டார். நல்லா இல்லை என்று சொல்லித் திட்டு வாங்கியவர்களை அவர் பார்த்திருக்கிறார். நல்லா இருக்கு என்று சொல்லி வாங்குவது இதுதான் முதல் தடவை.

விஷயம் வேறொன்றுமில்லை. மாப்பிள்ளை பகலில் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். சாயங்காலமானால் கிடாரை எடுப்பவர். அவரும் நண்பர்கள் மூன்று பேரும் எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், ஒரு கார் ஷெட்டில் எதிரொலி வராமலிருக்கப் பழைய மெத்தைகளைச் சுவரோரமாகச் சாத்தி வைத்துக்கொண்டு, ஒன்பது ராக் பாட்டுகளைப் பதிவு செய்து ஆல்பமாக வெளியிட்டிருந்தார்கள். அதை மாமனாருக்கு அனுப்பி, கேட்டுவிட்டு உண்மையைச் சொல்லுங்கள் மாமா என்றிருந்தார் மாப்பிள்ளை.

கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டதை எல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் முதுகில் எழுதிவிடலாம். வாங்க, உக்காருங்க, கிளம்புறேன். அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் முதல் தடவையாக வாயைத் திறந்து ஒன்று கேட்டிருக்கிறார். அதைக் கெடுத்துவிடக் கூடாதே என்பதுதான் டைல்ஸ்காரரின் ஒரே கவலை.

நேற்று முழுக்க வேலை செய்துகொண்டே கேட்டார். அபிப்பிராயமும் மனசுக்குள் தெளிவாகவே இருந்தது. முதல் மூன்று பாட்டும் நல்ல விறுவிறுப்பு, கை தானாக வேகம் பிடித்தது. நாலாவதில் கிடார், மழுங்கின பிளேடு போட்ட டைல்ஸ் கட்டர் மாதிரி கத்தியது. ஐந்தாவது, முடிவேனா என்றது. ஆறிலும் ஏழிலும் டிரம் அடிப்பவர் காப்பாற்றினார், பாடுபவர் வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு பாடினார். பாடுபவர் மாப்பிள்ளை. எட்டாவது பழையபடி ஜோர். ஒன்பதாவதைப் பற்றி மட்டும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

இதையெல்லாம் சொன்னால் குடும்பத்தில் குழப்பம் வரும், எல்லாம் நல்லா இருக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளுங்கள் என்றாள் மனைவி. அவரும் முடித்தார்.

“அவர் நம்பலப்பா” என்றாள் மகள். “ஒரு குறையாவது சொல்லியிருந்தா, கேட்டாருன்னு நம்பியிருப்பேன்றாரு.”

சரி, ஒரு குறைதானே. இருப்பதில் சின்னதாகப் பார்த்துப் பொறுக்கினார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஐந்தாவது பாட்டு கொஞ்சம் நீளம் என்றார். மாப்பிள்ளை, சரிங்க மாமா என்று வைத்துவிட்டார்.

ஐந்தே நிமிஷத்தில் மறுபடி மகள்.

“அஞ்சாவது எனக்காக எழுதினதுப்பா. நான் ஒருத்தி நீளமாத் தெரியுறேனா உங்களுக்கு?”

டைல்ஸ்காரர் கரணையைக் கீழே போட்டார். உடனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, நீளம்தான் அதற்கு அழகே, நாலாவதைக்கூட அந்த அளவுக்கு இழுத்திருக்கலாம் என்று அடித்துவிட்டார். அந்த நாலாவது, கூட்டாளி எழுதிய பாட்டு. அதைப் பாதியாக வெட்டச் சொல்லி ஒரு மாதம் மல்லுக்கு நின்றவர் மாப்பிள்ளை. உன் மாமனாரே சொல்லிவிட்டார் பார் என்று இப்போது கூட்டாளி தலைகால் புரியாமல் ஆடுகிறார் என்று மகளிடமிருந்து சேதி வந்தது.

இனி யாருக்கும் வலிக்காத இடமாகப் பார்த்துக் கை வைப்போம் என்று, மறுபடி மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, அந்த டிரம்முக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார்.



“அப்ப பாட்டு வேண்டாங்கறீங்க” என்றார் மாப்பிள்ளை. “மத்தியானம் நேர்ல வரேன் மாமா.”

வந்தார். ஆஸ்பத்திரி யூனிஃபார்மோடு, கட்டி முடியாத அந்த வீட்டின் ஹாலில், கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி மேல் உட்கார்ந்தார். மாமனார் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“உண்மையிலயே கேட்டீங்களா மாமா?”

“கேட்டேன் மாப்பிள்ளை. ஒரு வரிசை டைல்ஸ் ஒட்டி முடியுற வரைக்கும் ஒரே பாட்டுதான். திருப்பித் திருப்பிப் போட்டேன். அடுத்த வரிசைக்கு அடுத்த பாட்டு. ஒம்போதும் அந்தச் சுவத்துல இருக்கு” என்று நேற்று முடித்த குளியலறையைக் கைகாட்டினார்.

அதற்கு மேல் மறைத்துப் பிரயோஜனமில்லை. கட்டரிலிருந்து பஞ்சு வரைக்கும் உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டார். மாப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. பஞ்சு என்றதும் சிரித்தேவிட்டார். அந்த இரண்டு பாட்டும் பாடிய அன்று தனக்கே கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது என்றார். அட, இவரோடு இவ்வளவு பேச முடியுமா என்று டைல்ஸ்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது.

“ஒம்பதாவது மாமா?”

அதைக் கேட்கும்போது மாப்பிள்ளையின் குரல் கொஞ்சம் இறங்கியது. “அதுல டிரம் கிடையாது, மத்தவங்க கிடையாது. நானும் கிடாரும் மட்டும். அதைப் பத்தி மட்டும் நீங்க வாயே திறக்கல.”

 டைல்ஸ்காரர் கைவிரலில் காய்ந்திருந்த பசையை உரித்தார்.

“அது... பரவாயில்லை மாப்பிள்ளை.”

“ஓ” என்றார் மாப்பிள்ளை. எழுந்து பையைத் தோளில் மாட்டினார். பஸ் டிக்கெட்டின் முதுகில் மிச்சமிருந்த இடத்துக்குத் திரும்பிவிட்டது மாதிரி, கிளம்புறேன் என்றார்.

அதுவரை குளியலறைக்குள் டொக் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சைட் சூப்பர்வைசர். ஒட்டிய மறுநாள் ஒவ்வொரு டைல்ஸாகக் குச்சியால் தட்டி, பின்னால் பசை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கையில் இரண்டு டைல்ஸோடு வெளியே வந்தவர், யார் வந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

“இத்தனை வருஷத்துல உங்க வேலையில நான் ஒரு குத்தம் சொன்னதில்லண்ணே. கீழேருந்து எட்டு வரிசையும் பாறை மாதிரி நிக்குது. அந்த ஒம்பதாவது வரிசை மட்டும் தொட்டா கையோட வருது, பசை பேருக்குத்தான் இருக்கு. அதை ஒட்டும்போது மனசை எங்க விட்டிருந்தீங்க?”