தேங்காய் நின்றால் அவுட்

சங்ககிரி முதல் குமாரபாளையம் வரை எத்தனையோ பேர் அம்பயராக நின்றிருக்கிறார்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்து அவுட் கொடுத்தவர் இந்த உலகத்திலேயே எங்கள் தேங்காய்க்காரர் ஒருவர்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லுவேன்.

அவருக்குத் தொழில் நீரோட்டம் பார்ப்பது. உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். அடியில் தண்ணீர் ஓடுகிற இடம் வந்தால் காய் குடுமியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும். அங்கே ரிக் லாரி வந்து போர் போடும். ஊரெல்லாம் அவர் காட்டின இடத்தில் தண்ணீர் பீச்சியடித்தது. என் மேட்டுக்காட்டில் மட்டும் மூன்று இடம் காட்டி, மூன்றிலும் கல்லுப்புழுதிதான் புகையாக வந்தது. அவரும் நானும் மாவில் புரட்டின மாதிரி நின்றோம். அன்றிலிருந்து அந்த மனுசன் தினமும் வந்து என் காட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார், பேச்சை நிறுத்திவிட்ட பொண்டாட்டியைப் பார்க்கிற மாதிரி.

காடு சும்மா கிடந்தது. தறி ஓட்டுகிற பையன்கள் பதினோரு பேர் வந்து நின்றார்கள்.

"பெரீம்மா, ஞாயித்துக்கெழம மட்டும் கிரிக்கெட் ஆடிக்கறமுங்க. வேற எடமே இல்லீங்க."

நிசம்தான். தறிக் கொட்டகை இல்லாத இடமெல்லாம் குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி.

"அடுத்த போர் போடற வரைக்கும் ஆடிக்குங்க சாமி. தண்ணி வந்தா நானும் கெழங்கு நட்டுருவேன்" என்றேன்.

மேட்டுக்காடு கிரிக்கெட் கிளப் அப்படித்தான் பிறந்தது. சோளம் அடிக்கிற களத்தைப் போல சாணி கரைத்து பிட்ச் மெழுகிக் கொடுத்தவள் நான். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

வெய்யிலில் அம்பயராக நிற்க ஆள் இல்லை. தேங்காய்க்காரர் எப்படியும் அங்கேதான் நிற்கிறார். வேட்டியும் சட்டையும் வெள்ளை. பிறகென்ன?

குமாரபாளையத்து டீம் வந்த அன்றைக்கு அவர்கள் கேப்டன் காலில் பந்து பட்டது. எங்கள் பையன்கள் அவுட் கேட்டார்கள். இவர் துண்டில் முடிந்திருந்த தேங்காயை எடுத்து, கையில் படுக்க வைத்து, ஸ்டம்பு வரைக்கும் பொடிநடையாக நடந்தார்.

"ஏனுங் பெருசு, கால்ல பட்டுச்சான்னு உங்க கண்ணக் கேளுங்க. தேங்காய எதுக்குங்க கேக்கறீங்க?"

"என்ற கண்ணுக்கு எழுவது வயசு சாமி. தேங்காய்க்கு நாலு நாளுதான் ஆச்சு."

காய் நின்றது. கேப்டன் போனான். அதற்கப்புறம் எங்கள் பையன்களுக்கும் நின்றது. கிழக்கு ஸ்டம்புக்கு முன்னால் காலை நீட்டினவன் ஒருத்தனும் தப்பித்ததில்லை. அந்த வருசம் ஆடின எல்லா மேட்சிலும் எங்கள் பையன்கள் தோற்றார்கள்.

ஆனால் அந்த மத்தியானங்களைச் சொல்ல வேண்டும். காட்டின் மேல் கானல் ஓடும். வெள்ளை வேட்டியும் பையன்களும் அதில் மிதப்பார்கள். மேலே போன பந்து சங்ககிரி மலை உச்சியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கும். என் காட்டில் நான் கண்ட தண்ணீர் அந்தக் கானல்தான்.

தை மாதம் என் மகன் திருச்செங்கோட்டில் ரிக் லாரிக்குச் சொல்லிவிட்டான். இடம் காட்டத் தேங்காய்க்காரர் வந்தார். பையன்கள் பதினோரு பேரும் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். தண்ணீர் வந்தால் கிளப் இல்லை. தண்ணீர் வரக் கூடாதென்று சாமி கும்பிட்டவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காட்டைச் சுற்றி நடந்தார். காய் அசையவில்லை. கடைசியாகப் பிட்ச்சில் ஏறினார். நான் இரண்டடி பின்னால், மகன் தூரத்து வரப்பில். கிழக்கு ஸ்டம்பு நடுகிற இடத்தில் காய் விறைத்து எழுந்து நின்றது. அந்த வருசம் பூரா அத்தனை பேர் ஏன் அவுட் ஆனார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் வேலியோரம் பார்த்தார். கட்டை விரல் மெதுவாக வந்தது, குடுமியை அழுத்தியது, காயைப் படுக்க வைத்தது.

"இங்கயும் இல்லீங்க அம்மிணி."

மகன் விடவில்லை. "நாலாவது தடவையும் இல்லையா? காய ஊட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்னி அரைங்க, அதுக்காச்சும் ஆகும்."

என் காட்டில் போன பேரை மீட்க, காய் நின்றதைச் சொன்னாலே போதும். மனுசன் தலையைக் குனிந்துகொண்டு தேங்காயைத் துண்டில் முடிந்தார். ரிக் லாரி வேறு காட்டுக்குப் போய்விட்டது.

நான் சொல்லியிருக்கலாம். நிலம் என்னது, தண்ணீரும் என்னது. மகன் போன பிறகு கிட்டே போய்க் கேட்டேன்.

"ஏனுங்ணா, காய் நின்னுச்சே?"

"உங்க கண்ணுக்கும் வயசாயிருச்சுங்க அம்மிணி."

இப்போது அவர் ஆத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். சந்தேகமான அவுட் வந்தால் பையன்கள் ஃபோன் போட்டுக் கேட்கிறார்கள். அவர் அங்கே தேங்காயோடு நடந்து பார்த்துச் சொல்கிறார். ஆத்தூர் வீட்டில் காய் நிற்பதே இல்லை போல, எல்லாருக்கும் நாட் அவுட். கிளப் இப்போது ஜெயிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பிட்ச் மெழுகுகிறேன். கிழக்கு ஸ்டம்பு கிட்டே வந்தால் என் கை தானாக நிதானமாகிறது. இந்த வருசமும் மகன் போர் போடலாமா என்று கேட்டான்.

அங்கே தண்ணீர் இல்லை என்று அம்பயர் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.