கத்தி எதற்கு, மிஸ்டர் பர்ட்வெல்?

ஆளில்லாத கால்வாய்க் கரை. பின்னால் கடகடவென்று ஏதோ நெருங்கி வந்தது. கூடவே மூச்சிரைப்பும் கேட்டது. ஹோரஸ் பர்ட்வெல் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, பல கருவிகளை ஒன்றாக மடக்கி வைத்த மல்டிடூலை எடுத்தார்.

கத்தி என்று நினைத்து நகத்தால் நெம்பினார். பாட்டில் ஓப்பனர் வந்தது. அதை மடக்கிவிட்டு அடுத்ததை நெம்பினார். கத்தரிக்கோல். அதற்கும் அடுத்து நக அரம்.

இனி நேரமில்லை. நக அரத்தை நீட்டியபடி திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பர்ட்வெல் குடும்பத்தில் யாரும் முதுகு காட்டியதில்லை.

எதிரே ஹெல்மெட் போட்ட ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றாள்.

"அப்பாடா, நல்லவேளை! அதுல குறடு இருக்கா? செயின் மாட்டிக்கிச்சு."

குறடு இருந்தது. கால்வாய்க் கரையிலேயே மண்டியிட்டுச் செயினை விடுவித்த அவள், கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் 'பர்ட்வெல்' என்று அழகாகப் பொறித்திருந்தது.

"பேரெல்லாம் போட்டிருக்கீங்க! இதை எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"தற்காப்புக்கு."

அவள் கரையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயையோ. இன்னொரு தடவை இதை வாய்விட்டுச் சொல்லாதீங்க. நான் வக்கீல், அதனால சொல்றேன்."

"கத்தி மூணு அங்குலத்துக்குக் கம்மி. விரிச்சா பூட்டிக்காத மடக்குக் கத்தி. சட்டத்தைப் படிச்சுட்டுத்தான் வாங்கினேன்."

"கத்தி மேல தப்பே இல்ல. உங்க வாய் மேலதான். சும்மா பையில கிடந்தா அது கருவி. தற்காப்புக்குன்னு வெச்சிருந்தா ஆயுதம். கேரட்டுக்கும் அதே சட்டம்தான்."

"கேரட்டா?"

"எவனாவது வந்தா அடிக்கலாம்னு எடுத்துட்டுப் போனா, கேரட்டும் ஆயுதம்தான்."

ஹோரஸுக்கு இது விசித்திரமாக இருந்தது. பைக்குள் இருப்பது அதே பொருள். தலைக்குள் இருப்பது மாறினால் குற்றம்.

"அப்போ போலீஸ் கேட்டா என்ன சொல்றது?"

"சைக்கிள் ரிப்பேர் பண்ணன்னு சொல்லுங்க."

"என்கிட்ட சைக்கிள் இல்லையே."

"சும்மா சொல்லுங்க சார்!"

"நாங்க சும்மா எதையும் சொல்றதில்ல" என்றார் ஹோரஸ், தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

வீட்டில் அவர் மனைவி மோரீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் வந்து நின்றார்.

"மோரீன், நம்ம குடும்பத்துல யாரும் பொய் சொன்னதில்ல. யாரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினதும் இல்ல. இப்போ ரெண்டுல ஒண்ணைக் கைவிடணும் போலிருக்கு."

"அதை ட்ராயர்ல போட்டுட்டு மறந்துடேன்."

"ஒரு மாசமா பையில வெச்சுத் திரிஞ்சது இல்லைன்னு ஆகிடுமா? எவனாவது ஒரு போலீஸ்காரன் கேட்டா நான் உண்மையைத்தானே சொல்லணும்?"

"உன்னை எந்தப் போலீஸ்காரன் கேக்கப் போறான், ஹோரஸ்? டீ ஆறுது, குடி."

டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவருக்கு வழி புலப்பட்டுவிட்டது. பொய் சொல்லத் தேவையில்லை. உண்மையை மாற்றினால் போதும். இன்றிலிருந்து அந்தக் கருவி ரிப்பேருக்கு. நிஜமாகவே ரிப்பேருக்கு.

மறுநாள் காலையிலேயே ரிப்பேர் செய்ய எதையாவது தேடிக் கிளம்பினார். கால்வாய்ப் பாதையில் ஆட்டை விடாமல் ஆளை மட்டும் விடுகிற மரக்கதவு ஒன்று உண்டு. ஒரு சின்னக் கூண்டுக்குள் நுழைந்து, கதவைத் தள்ளிவிட்டு, மறுபக்கம் வெளியேற வேண்டும். அதன் கீல் லொடலொடவென்று ஆடியது. ஹோரஸ் குறட்டால் அதை முறுக்கினார். நன்றாகவே முறுக்கினார்.

அவருக்கு அடுத்ததாக அங்கே வந்தவர் டோரீன் பில்லிங், பௌலிங் கிளப்பின் செயலாளர், தாராளமான உடம்பு. கூண்டுக்குள் நுழைந்தார். கதவைத் தள்ளினார். கதவு பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

"அசையாதீங்க டோரீன்! வந்துட்டேன்!" என்று மல்டிடூலைப் பிரித்துக்கொண்டே ஓடினார் ஹோரஸ். அவசரத்தில் நெம்பியபோது, அதுவரை ஒருநாளும் வெளியே வராத கத்தி முதல் தடவையிலேயே வந்தது.

டோரீன் போட்ட அலறலில் கால்வாயிலிருந்த வாத்துகள் எல்லாம் பறந்தன.

"ரிப்பேருக்கு! இது ரிப்பேருக்கு, டோரீன்!"

"யார்கிட்ட கதை விடறீங்க? போன வாரம் கிளப்புல அத்தனை பேர் முன்னாடி நெஞ்சைத் தட்டிச் சொன்னீங்களே, எந்த ரவுடி வந்தாலும் இதாலதான் பதில்னு!"

"அது அப்போ. இது இப்போ."

"என்கிட்ட யாராவது கேட்டா நான் உண்மையைத்தான் சொல்லுவேன், ஹோரஸ் பர்ட்வெல்."

அதில் ஹோரஸால் குறை காண முடியவில்லை. அவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். கீலைத் தளர்த்தி டோரீனை விடுவித்தார். அந்தம்மா நன்றி சொல்லவில்லை.

கிளப்பில் நாற்பது உறுப்பினர்கள். நாற்பது சாட்சிகள். இனி அந்தக் கருவி உலகத்தில் இருக்கக் கூடாது. அன்று மதியம் பாலத்தின் மேல் நின்று, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அதைக் கால்வாயில் போட்டார். 'ப்ளக்' என்ற சத்தத்தோடு தன் கவலையும் மூழ்கியதாக நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லோரும் பாலத்தைக் கடந்தபோது, கயிற்றில் கட்டிய காந்தத்தைக் கால்வாயில் வீசிப் பழைய இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் சந்தோஷமாகக் கத்தினார்.

"இங்க யாருங்க பர்ட்வெல்?"

பாதிரியார் கையைக் காட்டினார். டோரீன் கையைக் காட்டினார். பௌலிங் கிளப் முழுக்கக் கையைக் காட்டியது.

"இந்தாங்க பெரியவரே. தண்ணியில விழுந்துடுச்சுபோல. பேரு போட்டிருந்ததால தப்பிச்சுது. நல்ல சாமான், துருகூடப் பிடிக்கல." அவர் அதைத் தன் சட்டையிலேயே துடைத்து, ஹோரஸின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"எப்படி ஹோரஸ், தண்ணியில விழுந்துது?" என்றார் டோரீன்.

ஹோரஸ் பதில் சொல்லாமல் நின்றார். பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. ஆனால் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஆகியிருக்கும்.

திங்கட்கிழமை சாவுக்குப் போடும் கறுப்புக் கோட்டை அணிந்துகொண்டார். மல்டிடூலைச் செய்தித்தாளில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் வைத்து, டப்பாவைச் சுற்றி டேப் ஒட்டினார்.

"எங்க போற?" என்றாள் மோரீன்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு. மானத்தோட சரணடையப் போறேன்."

மோரீன் சட்டென்று எழுந்தாள். "நீ எதுக்குப் போற? அந்த டப்பாவை என்கிட்ட குடு, நான் போய் போட்டுட்டு வரேன்."

"என் தப்புக்கு என் பொண்டாட்டியை அனுப்புற ஆள் இல்ல நான்."

"சரி, இரு. காரை எடுக்கறேன்" என்றாள் அவள், ஒரு பெருமூச்சோடு.

ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டு அவள் காரை நிறுத்த இடம் தேடிப் போனாள். உள்ளே நுழைந்ததும் சுவரோரம் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. கத்தி வைத்திருப்பவர்கள் பெயர் சொல்லாமல் அதில் போட்டுவிட்டுப் போகலாம். ஹோரஸ் அதைத் தாண்டி நேராகக் கவுன்ட்டருக்குப் போய் டப்பாவை வைத்தார். அங்கே ஃபென்டன் என்ற இளம் போலீஸ்காரர் இருந்தார்.

"கத்தியா சார்? பெட்டி அங்க இருக்கு. போட்டுட்டுப் போங்க, நாங்க எதுவும் கேக்க மாட்டோம்."

"கேக்கணும். கேட்டாத்தானே நான் பதில் சொல்ல முடியும்?"

ஃபென்டன் டேப்பைக் கிழித்துத் திறந்து பார்த்தார். "இதுவா? இது எங்க அப்பாகிட்டகூட இருக்கே! சரி, கேக்கறேன். இதை எதுக்கு வெச்சிருந்தீங்க?"

"தற்காப்புக்கு."

ஃபென்டன் கையிலிருந்த பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். "சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மீன் பிடிக்கப் போவீங்களா?"

"மாட்டேன்."

"தோட்ட வேலை?"

"தோட்டக்காரர் இருக்கார்."

"ஆப்பிள்? எல்லாரும் ஆப்பிள் நறுக்குவாங்க சார். ஒரே ஒரு ஆப்பிள்?"

"எனக்கு ஆப்பிள் ஒத்துக்காது."

"ஐயா, நான் உங்களைக் காப்பாத்தப் பாக்கறேன்!"

"வேண்டாம் தம்பி." ஹோரஸ் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். முதுகு வளையவில்லை. "எங்க குடும்பத்துலேர்ந்து யாரும் இந்தப் படியை மிதிச்சதில்ல. மிதிச்ச முதல் ஆள் நான்தான். அந்த அவமானத்தை நானே சுமக்கறேன். என் மனைவி மேல மட்டும் இந்த இடத்தோட வாடைகூடப் படாம பாத்துக்கணும். அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

கதவு திறந்தது. குடையை உதறிக்கொண்டு மோரீன் உள்ளே வந்தாள்.

ஃபென்டனின் முகம் மலர்ந்தது.

"அட, வாங்க மோரீன்! இந்தத் தடவை உங்க வீட்டுக்காரர் என்ன வாங்கித் தொலைச்சார்? பெட்டியில இடம் வெச்சிருக்கேன், வழக்கம்போல சத்தமில்லாம போட்டுடுங்க."